மைனஸ்னா நல்லதாடா?

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் தெருக்களில் செல்போனில் ஸ்கோர் பார்ப்பது புது விஷயமில்லை. ஐ.பி.எல் நேரத்தில் கால் மிதியிலும் கண் போனிலுமாக நெய்பவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஆனால் 2025 முழுக்க ஒரு வீட்டில் மட்டும் வேறொரு ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது. கோல்ஃப்.

அந்த வீட்டுக்காரருக்கு 58 வயது. பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்ததில்லை. பந்து எவ்வளவு பெரியது என்று கேட்டால், "எலுமிச்சம்பழம் சைஸ் இருக்கும்னு பையன் சொன்னான்" என்பார். ஸ்கோர் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் நாற்பத்தாறு வருடம் டிசைன் பார்த்துப் பழகிய கண். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களில் ஒரு பெயரை, அதன் வடிவத்தை வைத்தே பிடித்துவிடுவார். அது அவர் மகனின் பெயரில்லை. மகன் யாருடைய பையைத் தூக்குகிறானோ, அந்த வீரரின் பெயர்.

பெயரைக் கண்டதும் அடுத்துப் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் குறி.

"மைனஸ் மூணுன்னு போட்டுக்கீது. இன்னாடா, மைனஸ்னா நல்லதாடா?"

முதல் மாதம் இதை அவர் தினமும் கேட்டார். கேட்டதற்குக் காரணம் உண்டு. நெசவாளர் வீட்டில் மைனஸ் என்றால் பிடித்தம். சேலையில் எண்ணெய்க் கறை பட்டாலோ, இழை விட்டுப்போனாலோ, பார்டரும் உடலும் சேரும் கோர்வையில் பல் தெரிந்தாலோ, கூலியில் இவ்வளவு கழித்துக்கொண்டேன் என்று முதலாளி நோட்டில் எழுதுவது மைனஸ். கோல்ஃபில் அது தலைகீழ். ஒரு குழிக்கு இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அதற்குப் பெயர் 'பார்'. அதைவிடக் குறைவான அடியில் போட்டால் மைனஸ். குறையக் குறைய மேலே போகலாம். ஏப்ரல் வாக்கில் அவருக்கு இது பழகிவிட்டது. பக்கத்துத் தறிக்காரருக்கே விளக்கம் சொல்லும் அளவுக்கு.

மகனுக்கு வயது 26. வேலை 'கேடி'. கோல்ஃப் வீரரின் பையைச் சுமந்தபடி கூடவே நடப்பது. பையில் 14 மட்டை வரை வைக்கலாம்; பந்து, குடை, தண்ணீர், மழைச்சட்டை எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறு அரிசி மூட்டைக் கனம் வரும். 18 குழியை முடிக்க எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். சுமப்பது மட்டும் வேலையில்லை. கொடி எத்தனை கெஜத்தில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது, பந்து கடைசி மூன்றடியில் எப்படித் திரும்பும் என்றெல்லாம் வீரருக்குச் சொல்ல வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். அப்பா கணக்கில், ஒரு சுமாரான பார்டரின் அகலம்.

ஆரணிப் பையன் கோல்ஃபுக்குப் போனதற்குக் காரணம் மழை. அவர்கள் வீட்டில் இருப்பது தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் ஊறும். பட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாவு தொய்யும். வேலை நின்றால் கூலி இல்லை. அப்படி ஒரு மழைக்காலத்தில், சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையிலிருந்த தாய்மாமா, "ஒரு மாசம் அனுப்பு, நாலு காசு பார்க்கட்டும்" என்று பிளஸ் டூ முடித்திருந்தவனைக் கூட்டிப்போனார். ஒரு மாதம் எட்டு வருடமானது. பல கிளப்களில் திங்கட்கிழமை கேடிகள் ஆடிக்கொள்ள அனுமதி உண்டு. உறுப்பினர்கள் தூக்கிப்போட்ட பழைய மட்டைகளை வைத்து ஒவ்வொரு திங்களும் ஆடினான். நன்றாகவே ஆடுகிறான் என்று மற்ற கேடிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். பிரச்னை அங்கேதான் தொடங்கியது என்பது அம்மாவின் கட்சி.

வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா. இன்னொன்று மகனுக்காகப் போட்டது. அது எட்டு வருடமாகச் சும்மா கிடந்தது. துணி காயப்போடக்கூட அவர் விட்டதில்லை.

இந்தியாவில் ஆண்களின் தொழில்முறை கோல்ஃபை நடத்தும் முக்கிய அமைப்பு பி.ஜி.டி.ஐ. 2006-ல் தொடங்கியது. 2024-லிருந்து தலைவர் நம் கபில் தேவ். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் சீசன் ஆரம்பித்து, ஊர் ஊராகப் போய், டிசம்பரில் ஜாம்ஷெட்பூரில் முடிவது வழக்கம். ஒரு போட்டிக்கு நான்கு நாள். முதல் இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள். முதல் 50 இடங்களில் இருப்பவர்களும், ஐம்பதாவது இடத்தோடு சமமாக நிற்பவர்களும் தங்கலாம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்குப் பெயர் 'கட்'.

கட்டில் போனவருக்கு எவ்வளவு கிடைக்கும்? ஒன்றுமில்லை. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியாது. ரஞ்சி வீரருக்கு மேட்ச் ஃபீஸ் உண்டு, டக் அவுட் ஆனாலும் வரும். கோல்ஃபில் சம்பளமே கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில் அல்லது விமானம், ஓட்டல், சாப்பாடு, கேடியின் கூலி எல்லாம் வீரரின் பையிலிருந்து. பரிசுத் தொகை ஒரு கோடி ரூபாய் என்று அறிவித்த போட்டியில் ஜெயிப்பவருக்கு 15 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே இறங்க இறங்கத் தொகை சரசரவென்று குறைந்து, ஐம்பதாவது ஆள் வரும்போது வந்துபோன செலவு தேறினால் பெரிது. ஐம்பத்தைந்தாவது ஆளுக்கு அதுவுமில்லை.

இதை மகன் முதல்முறை விளக்கியபோது அப்பா கேட்ட கேள்வி: "அப்ப தப்பா நெய்ஞ்ச சேலைக்குக் கூலி புடிக்கிறதில்ல. ஒட்டுமொத்தமா கூலியே கெடையாது. அப்படித்தானே?"

அப்படித்தான்.

கேடியின் நிலைமை அதற்கும் ஒரு படி கீழே. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை, பரிசு வந்தால் அதில் ஒரு பங்கு. ஜெயித்தால் பத்து சதவிகிதம் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் வழக்கம். ஆக, ஆரணியில் ஒரு வீட்டின் மாதக் கணக்கு, எங்கோ ஒரு ஊரில் முன்பின் பார்த்திராத ஒருவர் ஐந்தடி தூரத்திலிருந்து உருட்டும் பந்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அந்த வீரரின் பெயருக்கு அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறார். நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்யச் சொல்லிவிட்டாராம்.

அந்த வீரரும் பெங்களூரில் கேடியாக இருந்து மேலே வந்தவர்தான். தமிழ் பேசுவார். பையனைத் 'தம்பி' என்பார். கட்டில் போன வாரத்திலும் பேசிய கூலியைக் குறைத்ததில்லை. இந்தக் குடும்பம் பெயர் வேண்டாம் என்று சொல்வதற்கும் அவர் மேல் உள்ள மரியாதைதான் காரணம்.

இந்திய கோல்ஃபின் கதையில் கேடி கொட்டகைக்குப் பெரிய இடம் உண்டு. இந்தியன் ஓப்பனை முதன்முதலில் ஜெயித்த இந்திய தொழில்முறை வீரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991-ல் ஜெயித்தார், 1993-ல் மறுபடியும். 2009-ல் அதே கோப்பையைத் தூக்கிய பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்தவர். கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவர். மகன் 2016, 2017 என அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனை வென்று ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். புல் வெட்டும் மாமாவுக்கு சௌராசியா கதை என்றால் உயிர். மருமகனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லும்போது, அதே கொட்டகையிலிருந்து கிளம்பி, இரண்டு வருடம் கடன் வாங்கி ஆடி, மறுபடி பை தூக்க வந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை. அவர்கள்தான் அதிகம் என்பதை எந்தக் கேடியும் சொல்லுவார்.

சீசனும் முகூர்த்தமும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் போயின. பிப்ரவரியில் போட்டிகள் தொடங்கியபோது ஆரணியில் பங்குனி, சித்திரை, வைகாசிக் கல்யாணங்களுக்கான வேலை. ஒரு பாவுக்கு மூன்று சேலை. அப்பா ஒரு பாவை இறக்குவதற்குள் மகன் இரண்டு மாநிலம் போய் வந்திருப்பான். முதல் மூன்று போட்டிகளில் இரண்டில் அவர்கள் கட் தாண்டவில்லை. ஸ்கோர் பட்டியலில் கீழே தள்ளித் தள்ளிப் பெயரைத் தேட வேண்டியிருந்தது. தேடும்போது இரண்டு தமிழ்ப் பெயர்களைக் கண்டுபிடித்து அப்பா குஷியாகிவிட்டார்: என். தங்கராஜா, கே. பிரபாகரன். "நம்ம ஊர்க்காரங்களாடா?" இலங்கைக்காரர்கள், இந்தியாவுக்கு வந்து ஆடுகிறவர்கள் என்றான் மகன். அன்றிலிருந்து அவர்கள் ஸ்கோரும் வீட்டில் வாசிக்கப்பட்டது.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. மகன் வீட்டில் இருந்தான். விடிகாலை நாலரை மணிக்கு அவன் படுக்கையிலிருந்து கத்தியதில் அப்பா எழுந்துவிட்டார். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி. அங்கே அது ஞாயிறு மாலை. கடைசிக் குழியில் ஐந்தடி தூரப் பந்தைத் தவறவிட்ட ரோரி மெக்கில்ராய், ஜஸ்டின் ரோஸோடு சமநிலையில் நின்று, அடுத்த கூடுதல் குழியில் ஜெயித்து, அப்படியே மண்டியிட்டுத் தலை கவிழ்ந்து அழுதார்.

"இன்னாத்துக்குடா இவ்ளோ பெரிய ஆம்பள அழுவுறான்?"

"பதினோரு வருஷமா இதுக்காகக் காத்துனு இருந்தாரு நைனா."

"துட்டு எவ்ளோ?"

"42 லட்சம் டாலர். நம்ம கணக்குல 36 கோடி கிட்ட."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த ஆளின் பையைத் தூக்கியவன் எங்கே என்று கேட்டார். திரையில் காட்டினான் மகன். அவரையும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

ஆடி வந்தது. கோல்ஃபிலும் அப்போது ஆடி மாதிரிதான். வெயிலும் மழையுமான மாதங்களில் நீண்ட இடைவெளி விட்டு, ஆகஸ்ட் வாக்கில் மறுபடி தொடங்குவார்கள். ஆரணியில் அந்த ஆடி வழக்கத்தைவிட மந்தம். பவுன் விலை ஏற ஏற ஜரிகை விலையும் ஏறியது. வெள்ளி இழையில் தங்கம் ஏற்றுவதுதான் ஜரிகை என்பதால் இரண்டில் எது ஏறினாலும் அடி. முதலாளி பாவு கொடுப்பதைத் தள்ளிப்போட்டார். அப்பா பதினெட்டு நாள் சும்மா இருந்தார். மகனும் சும்மா. அந்தப் பதினெட்டு நாளில்தான் விஷயம் வெளியே வந்தது.

மகன் தானே ஆட விரும்புகிறான்.

அதற்கு வழி 'குவாலிஃபைங் ஸ்கூல்'. பெயரில் ஸ்கூல் இருந்தாலும் பாடம் கிடையாது, தகுதிப் போட்டி. புதிய ஆட்கள் முதலில் முதற்கட்டம் ஆட வேண்டும். அதில் தேறினால் இறுதிக் கட்டம். அங்கே முன்னணியில் வரும் சிலருக்கு மட்டும் அந்த ஆண்டு முழுக்க ஆடும் 'கார்டு'. இரண்டு கட்டத்துக்கும் பணம் கட்ட வேண்டும். வெளியூரில் தங்க வேண்டும். பழைய மட்டைகளோடு போக முடியாது. கார்டு கிடைத்துவிட்டால் செலவு அப்போதுதான் ஆரம்பம்.

அம்மா வேண்டாம் என்றார். 26 வயதில் கல்யாணம் பேச வேண்டிய பையன். பெண் வீட்டார் என்ன வேலை என்று கேட்டால் கேடி என்று சொல்லவே ஒரு மணி நேர விளக்கம் வேண்டும். இப்போது கேடியும் இல்லை என்றால்? அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அறுபது பேர்ல வருவியா?" என்று மட்டும் கேட்டார். ஆண்டு முடிவில் தரவரிசையில் முதல் அறுபதுக்குள் இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் கார்டு உண்டு என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"தெரியல நைனா" என்றான் மகன்.

இந்த பதில் அப்பாவுக்குப் பிடித்ததாம். வருவேன் என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்று பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

சீசனின் இரண்டாம் பாதியில் இந்திய கோல்ஃபே கொஞ்சம் கலங்கியிருந்தது. இந்தியன் கோல்ஃப் பிரீமியர் லீக் என்று இன்னொரு தொடர் புதிதாக வந்தது. பெயர் பெற்ற சிலர் அங்கே போனார்கள். மேலே இருப்பவர்களுக்கு இது கௌரவப் பிரச்னை. கீழே ஐம்பது, அறுபது என்று நிற்பவர்களுக்கோ எந்த வண்டியில் ஏறுவது என்ற பிரச்னை. மகன் பை தூக்கிய அண்ணன் இருந்த இடத்திலேயே இருந்தார்.

அக்டோபரில் மெக்கில்ராயே டெல்லி கோல்ஃப் கிளப்புக்கு வந்து ஆடினார். மொத்தப் பரிசு 40 லட்சம் டாலர். 19-ம் தேதி இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட் ஜெயித்தபோது இந்திய மதிப்பில் ஏறக்குறைய 6 கோடியோடு போனார். மறுநாள் தீபாவளி. பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் ஆரணியில், அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டே போனில் ஆட்டத்தைப் பார்த்தான். கடைசிச் சேலையை எட்டு மணிக்குள் முதலாளி வீட்டில் கொடுக்க வேண்டும். முந்தி இன்னும் ஒன்றரை முழம் பாக்கி. ஃப்ளீட்வுட் கோப்பை வாங்கியதைப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

டிசம்பர் வந்தபோது தரவரிசையில் முதலிடம் சண்டிகரின் யுவராஜ் சந்துவுக்கு. முதலிடத்தின் விலை பரிசுப் பணத்தோடு முடிவதில்லை. 2023-ல் முதலிடம் பிடித்த மோவ் ஊர் ஓம் பிரகாஷ் சௌஹானுக்கு ஐரோப்பிய சுற்றில் ஆடும் கார்டு கிடைத்ததிலிருந்து, இந்தப் பட்டியலின் உச்சி வேறொரு உலகத்தின் வாசல். ஆரணி வீட்டில் பார்த்தது பட்டியலின் நடுவை. அண்ணன் அறுபதுக்கு வெளியே போய்விட்டார். கடைசியாக ஆடிய போட்டியில் இரண்டாம் நாள் பதினேழாவது குழியில் மூன்றடிப் பந்து விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. ஒரே ஒரு அடியில் கட் போனது. அந்தப் பந்து எப்படித் திரும்பும் என்று சொன்னவன் மகன். சரியாகத்தான் சொன்னான் என்று அண்ணனே சொல்லிவிட்டார். அவனுக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை.

இப்போது அண்ணனும் குவாலிஃபைங் ஸ்கூலுக்குத் திரும்பப் போக வேண்டும். பை தூக்க ஆள் வேண்டும். "தேதி வந்ததும் சொல்றேன் தம்பி, ரெடியா இரு" என்று மெசேஜ் போட்டிருந்தார். மகனும் அதே போட்டிக்குப் பணம் கட்ட எடுத்து வைத்திருந்தான். ஒரு வாரம் பதில் அனுப்பாமலே இருந்தான். எட்டு வருடத்தில் ஒரு கேடி செய்யக்கூடாத காரியம் அது.

"போன்ல சொல்லாத. நேர்ல போய்ச் சொல்லு" என்றார் அப்பா. "பாவை வேற ஆளுக்குக் குடுக்கிறோம்னா முதலாளி வந்து மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். நாமளும் அப்படித்தான்."

வேலூர் போய் பெங்களூர் பஸ் பிடித்தான். அண்ணன் வீட்டில் டீ கொடுத்தார்கள். சொன்னான். அண்ணன் டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "முதற்கட்டம் உனக்கு. எனக்கு நேரா இறுதிக் கட்டம். நீ பாஸ் ஆனா எனக்குக் கேடி கெடையாது. ஃபெயில் ஆனா அங்கேயே இருந்து என் பையத் தூக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ரூம் போடு" என்றார். கிளம்பும்போது தன்னிடமிருந்த பழைய இரும்பு மட்டை செட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இனாமாக இல்லை. பாதி விலை, ஆறு மாதத் தவணை.

அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தெருவில் ஒருவர் தறிச் சாமானா என்று கேட்டிருக்கிறார்.

தவணை கட்டுவதற்கு அப்பா ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். எட்டு வருடமாகச் சும்மா கிடந்த இரண்டாவது தறியைத் துடைத்து, அச்சும் விழுதும் மாற்றி, பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவரை உட்கார வைத்துவிட்டார். பாவு இவர் பொறுப்பு, கூலியில் ஒரு பங்கு தறிக்கு. அந்த அம்மாள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறார். பையன் திரும்பி வந்தால் தறியைக் கேட்பீர்களா என்று முதல் நாளே கேட்டுவிட்டார். ஏறியிருக்கும் பாவில் மூணு சேலையும் இறங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார் அப்பா.